ஆங்கிலம் பழகுவோம்: 'இஃப்' என்ற சின்னச் சொல்



கடந்த மாதம் இறந்தகால வினைகளைப் பழகினோம். இம்மாதம் நிபந்தனை வாக்கியங்களைப் பார்ப்போம். "மழை பெய்தால்", "காசு கிடைத்தால்", "அவன் வந்திருந்தால்" என்று நாம் பேசாத நாளில்லை. தமிழில் இந்த நிபந்தனை வினைச்சொல்லின் வாலில் 'ஆல்' என ஒட்டிக்கொள்கிறது. ஆங்கிலத்தில் அது 'இஃப்' என்ற தனிச் சொல்லாக நிற்கிறது. சின்னச் சொல்தான். ஆனால் கடன் பத்திரத்திலும் சம்பள ஒப்பந்தத்திலும் நாட்டின் சட்டத்திலும் நம் தலைவிதியை முடிவு செய்யும் சொல்லும் இதுவே.

வழக்கம்போல ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறோம். முதலில் வாய்விட்டு மூன்று தரம் சொல்லுங்கள். பிறகு பாடசாலை போகும் பிள்ளையின் உதவியோடு கொப்பியில் ஆங்கில எழுத்தில் எழுதிப் பாருங்கள். பிள்ளைக்கும் அது பயிற்சியாகும்.

முதல் வகை: எப்போதும் நடப்பது

ஒன்று நடந்தால் மற்றது கட்டாயம் நடக்கும் என்ற பொது உண்மைக்கு இது. இரண்டு பக்கமும் நிகழ்கால வினை வரும்.

"இஃப் தி லீஃப் இஸ் வெட், இட் வெய்ஸ் மோர்." கொழுந்து ஈரமாக இருந்தால் நிறை கூடும்.

"இஃப் வீ ப்ளக் ஓல்ட் லீவ்ஸ், தி டீ இஸ் பேட்." முற்றிய இலையைப் பறித்தால் தேயிலை நன்றாக இராது.

நிறுவைக்காரரோடு வாதாடிப் பழகிய நமக்கு முதல் வாக்கியத்தை விளக்கத் தேவையில்லை. ஈரத்துக்கென்று கிலோ கழிப்பது அந்த உண்மையை வைத்துத்தான்.

இரண்டாம் வகை: இனி நடக்கக்கூடியது

நாளை, அடுத்த வாரம், அடுத்த மாதம் நடக்கக்கூடிய காரியத்துக்கு இது. 'இஃப்' பக்கத்தில் நிகழ்கால வினை, மறுபக்கத்தில் 'வில்'.

"இஃப் இட் ரெய்ன்ஸ் டுமாரோ, வீ வில் நாட் ட்ரை தி க்ளோத்ஸ்." நாளை மழை பெய்தால் துணி காயப்போட மாட்டோம்.

"இஃப் தி பஸ் கம்ஸ் லேட், ஐ வில் மிஸ் தி க்ளினிக்." பஸ் பிந்தி வந்தால் எனக்கு க்ளினிக் தவறிவிடும்.

இங்கே நாம் விடும் பிழைகள் இரண்டு. ஒன்று, 'இஃப் இட் வில் ரெய்ன்' என்று 'இஃப்' பக்கத்திலும் 'வில்' போடுவது. அது வேண்டாம். மற்றது தமிழால் வரும் பிழை. 'வந்தால்' என்ற சொல்லைப் பாருங்கள். 'வந்தான்', 'வந்தாள்' என்பவற்றில் உள்ள அதே 'வந்த்' அதிலும் இருக்கிறது. அதனால் "நாளைக்கு அவன் வந்தால்" என்பதை இறந்தகாலம் என்று நினைத்து 'இஃப் ஹி கேம்' என எழுதிவிடுகிறோம். நாளை உண்மையாகவே வரக்கூடியவனுக்கு 'இஃப் ஹி கம்ஸ்' என்பதே சரி.

'வராவிட்டால்' என்பதற்கு 'இஃப் ஹி டஸ் நாட் கம்' என்று சொல்லலாம். 'அன்லெஸ் ஹி கம்ஸ்' என்றும் சொல்லலாம். 'அன்லெஸ்' என்ற சொல்லுக்குள்ளேயே 'இல்லாவிட்டால்' இருக்கிறது. எனவே அதனோடு மறுபடி 'நாட்' சேர்க்கக் கூடாது. 'வந்தாலும்' என்பதற்கு 'ஈவன் இஃப் ஹி கம்ஸ்'. 'வந்தால்தான்' என்பதற்கு 'ஒன்லி இஃப் ஹி கம்ஸ்'.

பத்திரத்தில் மறைந்திருக்கும் 'இஃப்'

இந்த இரண்டு வகையும் தெரிந்தாலே பாதிப் பத்திரங்களை வாசித்துவிடலாம். சில வருடங்களுக்கு முன் தோழி ஒருத்தியின் கடனுக்கு நான் பிணை நின்றேன். ஆங்கிலத்தில் இரண்டு பக்கத் தாள். "இது சும்மா ஒரு கையெழுத்துத்தான்" என்றார்கள். போட்டேன். அந்தத் தாளில் 'இஃப் தி பாரோவர் டஸ் நாட் பே, தி கேரண்டர் வில் பே' என்று இருந்தது. கடன் எடுத்தவர் கட்டாவிட்டால் பிணை நின்றவர் கட்டுவார். ஏழு மாதம் கட்டினேன். அன்று அந்த ஒரு வரியை வாசிக்கத் தெரிந்திருந்தால், கையெழுத்துக்கு முன் இரண்டு கேள்வியாவது கேட்டிருப்பேன்.

பத்திரங்களில் 'இஃப்' எப்போதும் தன் பெயரோடு வராது. 'ப்ரொவைடட் தட்' என்றால் 'என்ற நிபந்தனையில்'. 'சப்ஜெக்ட் டு' என்றால் 'இதற்கு உட்பட்டு'. 'ஃபெய்லிங் விச்' என்றால் 'அப்படிச் செய்யத் தவறினால்'. 'அதர்வைஸ்' என்றால் 'இல்லாவிட்டால்'. இந்தச் சொற்களைக் கண்டால் பென்சிலால் கீழ்க்கோடு போடுங்கள். தெரிந்த ஒருவரிடம் அந்த வரிகளை மட்டுமாவது விளக்கச் சொல்லிக் கேளுங்கள். அதன் பின் கையெழுத்து.

நம் சம்பளமே 'இஃப்'பில் தொங்கிய காலமும் உண்டு. 2016 ஒக்டோபரில் கைச்சாத்தான கூட்டு ஒப்பந்தத்தில் நாட்சம்பளம் 730 ரூபாய் என்று செய்தி வந்தது. பிரித்துப் பார்த்தால் அடிப்படைச் சம்பளம் 500, விலைப் பங்கு மேலதிகம் 30, வரவு ஊக்குவிப்பு 60, உற்பத்தித்திறன் ஊக்குவிப்பு 140. வேலை கொடுத்த நாட்களில் நூற்றுக்கு 75 நாள் வந்தால்தான் அந்த 60. குறித்த கிலோ பறித்தால்தான் அந்த 140. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து வரவு குறைந்து, மழையில் கிலோவும் குறைந்தால் கையில் வருவது 530 தான். இரண்டு 'ஒன்லி இஃப்'களின் விலை 200 ரூபாய். 2019 ஒப்பந்தத்தில் அந்த இரண்டு ஊக்குவிப்புகளும் நீக்கப்பட்டன. ஆனால் அந்தப் பாடம் மறக்கக் கூடாதது. எந்தத் தொகையைச் சொன்னாலும் அதற்கு முன்னால் 'இஃப்' இருக்கிறதா என்று கேட்க வேண்டும்.

நமக்குச் சாதகமான 'இஃப்'களும் இருக்கின்றன. 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருட சேவை பூர்த்தியானால், வேலையை விட்டு நிற்கும்போது பணிக்கொடை உண்டு. நாட்சம்பளக்காரருக்கு ஒவ்வொரு சேவை வருடத்துக்கும் கடைசிச் சம்பள வீதத்தில் 14 நாட் சம்பளம். முப்பது வருடம் மலை ஏறிய பெண்ணுக்கு 420 நாட் சம்பளம் என்று கணக்கு. ஊழியர் சேமலாப நிதியைப் பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் எடுக்கலாம்.

"இஃப் யூ ஹேவ் வொர்க்ட் ஃபார் ஃபைவ் இயர்ஸ், யூ கேன் ஆஸ்க் ஃபார் கிராஜுவிட்டி." இந்த வாக்கியத்தை மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் வகை: இப்போது இல்லாதது

"எனக்குக் காணி இருந்தால் வீடு கட்டுவேன்" என்கிறோம். காணி கிடைக்கும் என்று நம்பிச் சொன்னாலும் தமிழில் இதே வாக்கியம்தான். கிடைக்காது என்று ஏங்கிச் சொன்னாலும் இதே வாக்கியம்தான். ஆங்கிலம் இரண்டையும் பிரிக்கிறது.

"இஃப் ஐ கெட் செவன் பேர்ச்சஸ் ஆஃப் லேண்ட், ஐ வில் பில்ட் எ ஹவுஸ்." ஏழு பேர்ச் கிடைக்கக்கூடும் என்று நம்பிச் சொல்வது இது.

"இஃப் ஐ ஹேட் செவன் பேர்ச்சஸ் ஆஃப் லேண்ட், ஐ வுட் பில்ட் எ ஹவுஸ்." இப்போது என்னிடம் காணி இல்லை, இருந்தால் கட்டுவேன் என்பது இது.

இரண்டாவதில் 'இஃப்' பக்கத்தில் இறந்தகால வினை 'ஹேட்', மறுபக்கத்தில் 'வில்'லுக்குப் பதில் 'வுட்'. வினை இறந்தகாலமானாலும் பேச்சு இன்றையதைப் பற்றியது. இன்று இல்லை என்பதைக் காட்டத்தான் ஆங்கிலம் ஒருபடி பின்னால் போகிறது.

"இஃப் ஐ வேர் தி டொக்டர், ஐ வுட் ஸ்பீக் டமிழ்." நான் டொக்டராக இருந்தால் தமிழில் பேசுவேன். இங்கே 'ஐ' என்பதோடு 'வொஸ்' வராமல் 'வேர்' வருவதைக் கவனியுங்கள்.

இந்த வகை முடியாததைச் சொல்லும் வகை என்று சில புத்தகங்களில் இருக்கும். அது முழுவதும் சரியல்ல. இன்று இல்லாதது நாளை வரலாம். வந்த அன்று 'ஹேட்'டை 'ஹேவ்' ஆக்கிக்கொள்ளலாம்.

நான்காம் வகை: நடந்து முடிந்தது

இனி மாற்ற முடியாத கடந்த காலத்துக்கு இது. 'இஃப்' பக்கத்தில் 'ஹேட்' என்பதோடு வினையின் மூன்றாம் வடிவம், மறுபக்கத்தில் 'வுட் ஹேவ்' என்பதோடு வினையின் மூன்றாம் வடிவம். தமிழில் 'போயிருந்தால் பார்த்திருப்பேன்' என்பதுதான் இது.

"இஃப் ஐ ஹேட் கான் எர்லி, ஐ வுட் ஹேவ் சீன் தி டொக்டர்." நேரத்தோடு போயிருந்தால் டொக்டரைப் பார்த்திருப்பேன்.

நம் மலையக வரலாற்றிலிருந்து ஓர் உதாரணம். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் முழுக்க முழுக்க 'இஃப்'பினால் கட்டப்பட்டது. தந்தை இலங்கையில் பிறந்திருந்தால், அல்லது தந்தை வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருந்தால் பிரஜை. இல்லாவிட்டால் இல்லை. பிறப்புப் பதிவு இல்லாத லயத்து மக்கள் இதை எப்படி நிரூபிப்பார்கள்? மணமான பெற்றோரின் பிள்ளைக்குத் தாய் எங்கே பிறந்தாள் என்பதை அந்தச் சட்டம் கேட்கவே இல்லை. தாய் வழியாகவும் பிரஜாவுரிமை வரும் என்ற சமத்துவம் 2003 ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் வந்தது.

"இஃப் தி லோ ஹேட் கவுண்டட் மதர்ஸ், மெனி சில்ட்ரன் வுட் ஹேவ் பிகம் சிட்டிசன்ஸ்." சட்டம் தாய்மாரையும் கணக்கில் எடுத்திருந்தால் பல பிள்ளைகள் பிரஜைகளாகியிருப்பார்கள்.

பின்பு 1964 ஒக்டோபர் 30 இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று ஆட்களை எண்ணிப் பிரித்தார்கள். மீதி 1,50,000 பேரின் விதி அப்போது தீர்மானிக்கப்படவில்லை. 1974 இல் அவர்களை இரு நாடுகளும் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டன. கடைசியாக 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களின் வழித்தோன்றல்களுக்கும் பிரஜாவுரிமை வழங்கியது. ஒரு 'இஃப்' எடுத்ததை இன்னொரு 'இஃப்' திருப்பித் தர ஐம்பத்தைந்து வருடம் சென்றது.

ஒரு வகுப்பில் நடந்தது

இனிச் சொல்லப்போவது ஹட்டன் பக்கத்தில் எங்கள் ஞாயிறு வகுப்பில் நடந்தது. சம்பந்தப்பட்ட தாயின் சம்மதத்தோடு, பெயரும் தோட்டமும் சொல்லாமல் எழுதுகிறேன்.

அந்த வகுப்பில் எண்பத்து மூன்றுக்குப் பின் வன்னிக்குப் போய்ப் பல வருடம் கழித்துத் திரும்பிய அக்காமார் இருந்தார்கள். தோட்டத்தை விட்டே போகாமலிருந்தும் யுத்தத்துக்குப் பிள்ளையைப் பறிகொடுத்த அம்மாமாரும் இருந்தார்கள். நான்காம் வகையில் ஆளுக்கொரு வாக்கியம் எழுதச் சொன்னேன். "நேரத்தோடு எழும்பியிருந்தால் பெரட்டுக்குப் போயிருப்பேன்" என்பது போல எழுதினார்கள். ஒரு தாய் மட்டும் பாதியில் நிறுத்தியிருந்தார். அவருடைய மகன் 2007 இல் கொழும்பில் கடை வேலைக்குப் போனவன். ஒரு சுற்றிவளைப்பின் பின் அவனைப் பற்றிய தகவலே இல்லை.

கொப்பியில் 'இஃப் ஐ ஹேட் நாட் சென்ட் மை சன் டு கொழும்பு, ஹி வுட் ஹேவ்' என்று இருந்தது. நான் அவனை அனுப்பாமலிருந்திருந்தால், அவன்.

"இதுக்கப்புறம் என்ன போடணும் டீச்சர்?" என்று கேட்டார்.

"லிவ்ட்" என்றேன், யோசிக்காமல். உயிரோடு இருந்திருப்பான்.

"அப்படிப் போட்டா அவன் இல்லேன்னு ஆயிருமே டீச்சர்."

வகுப்பு அமைதியாகிவிட்டது. அவர் சொன்னது சரி. நான் சொன்ன வாக்கியம் இலக்கணப்படி பிழையில்லை. ஆனால் அவர் ஒத்துக்கொள்ளாத ஒன்றை அது அவர் வாயால் சொல்ல வைக்கிறது. அதற்கு வேறு வழி உண்டு. அதுதான் கலப்பு வகை. 'இஃப்' பக்கம் கடந்த காலம், மறுபக்கம் இன்று.

"இஃப் ஐ ஹேட் நாட் சென்ட் ஹிம், ஹி வுட் பி வித் மீ நவ்." நான் அனுப்பாமலிருந்திருந்தால் அவன் இப்போது என்னோடு இருப்பான்.

இந்த வாக்கியம் ஒன்றைத்தான் சொல்கிறது: அவன் இப்போது என்னோடு இல்லை. எங்கே இருக்கிறான், எப்படி இருக்கிறான் என்பதை அது முடிவு கட்டவில்லை. அந்தத் தாய் அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டார். அப்போது பக்கத்தில் இருந்த வயதான அம்மா, "ஏன் தங்கச்சி, நீ அனுப்பாம இருந்திருந்தா அன்னைக்கு வீட்டுல அடுப்பு எரிஞ்சிருக்குமா?" என்று கேட்டார். அதுவும் நான்காம் வகை வாக்கியம்தான். அதை யாரும் எழுதவில்லை.

அன்றிரவு எனக்கு ஒரு விஷயம் விளங்கியது. நான்காம் வகையில் நாம் அநேகமாக 'இஃப் ஐ' என்றே தொடங்குகிறோம். நான் அனுப்பியிருக்காவிட்டால், நான் மறித்திருந்தால், நான் கூடப் போயிருந்தால். இலக்கணம் நம்மை அப்படித் தொடங்கச் சொல்லவில்லை. 'இஃப்'புக்குப் பின் யாரையும் வைக்கலாம். அடுத்த வாரம் வகுப்பில் எழுவாயை மாற்றிப் பார்த்தோம்.

"இஃப் தே ஹேட் நாட் டேக்கன் ஹிம், ஹி வுட் பி வித் மீ நவ்." அவர்கள் அவனைக் கொண்டுபோகாமலிருந்திருந்தால் அவன் இப்போது என்னோடு இருப்பான்.

"இஃப் தே ஹேட் டோல்ட் அஸ் வேர் ஹி வொஸ், வீ வுட் ஹேவ் கான் தேர்." அவன் எங்கே என்று எங்களுக்குச் சொல்லியிருந்தால், நாங்கள் அங்கே போயிருப்போம்.

அந்தத் தாய் கடைசி வாக்கியத்தை மூன்று முறை வாசித்தார். "இது சரி டீச்சர். நான் போயிருப்பேன்" என்றார். துக்கம் குறையவில்லை. ஆனால் அன்று அவர் தன்னைக் குற்றவாளியாக வைத்து வாக்கியம் எழுதவில்லை.

சட்டத்திலும் இந்த வித்தியாசம் உண்டு என்பதைக் காணாமற்போனோரின் குடும்பங்கள் தெரிந்திருக்க வேண்டும். 2010 இல் வந்த சட்டத்தின்படி இறப்புச் சான்றிதழ்தான் எடுக்கலாம் என்றிருந்தது. 2016 ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின், ஆள் காணக் கிடைக்கவில்லை என்பதற்கான சான்றிதழையும் கேட்கலாம். இறந்துவிட்டார் என்று ஒத்துக்கொள்ளாமலே குடும்பம் தன் அலுவல்களைப் பார்க்க அது வழி செய்கிறது. விபரத்தைப் பிரதேச செயலகத்தில் கேட்டறியுங்கள். எதை எடுப்பது, எடுப்பதா இல்லையா என்பது உங்கள் முடிவு. "இஃப் ஹி கம்ஸ்" என்று வைத்திருக்க விரும்பும் தாயை "இஃப் ஹி ஹேட் கம்" என்று எழுதும்படி யாரும் வற்புறுத்த முடியாது.

பயிற்சி

கீழே உள்ளவற்றை ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள். எந்த வகை என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். வகை பிடிபட்டால் வினை தானாக வரும்.

1. நீர் கொதித்தால் ஆவியாகும்.
2. நாளை வங்கி திறந்தால் நான் காசு எடுப்பேன்.
3. எனக்குச் சிங்களம் தெரிந்தால் அந்தக் கடிதத்தை வாசிப்பேன். (எனக்குத் தெரியாது.)
4. நீங்கள் என்னைக் கேட்டிருந்தால் நான் உதவியிருப்பேன்.
5. நான் பாடசாலைக்குப் போயிருந்தால் இன்று ஓர் ஆசிரியையாக இருப்பேன்.
6. அவள் கையெழுத்துப் போடாவிட்டால் அவர்கள் கடன் கொடுக்க மாட்டார்கள்.

விடைகள்

1. இஃப் வாட்டர் பாயில்ஸ், இட் பிகம்ஸ் ஸ்டீம்.
2. இஃப் தி பேங்க் ஓப்பன்ஸ் டுமாரோ, ஐ வில் டேக் மணி.
3. இஃப் ஐ நியூ சிங்களா, ஐ வுட் ரீட் தட் லெட்டர்.
4. இஃப் யூ ஹேட் ஆஸ்க்ட் மீ, ஐ வுட் ஹேவ் ஹெல்ப்ட்.
5. இஃப் ஐ ஹேட் கான் டு ஸ்கூல், ஐ வுட் பி எ டீச்சர் டுடே.
6. அன்லெஸ் ஷீ சைன்ஸ், தே வில் நாட் கிவ் தி லோன்.

ஐந்தாவது வாக்கியத்தை எங்கள் வகுப்பில் ஒருவர் எழுதியபோது மற்றவர்கள் சிரித்தார்கள். அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. இப்போது பேரப்பிள்ளைக்கு மாலையில் ஆங்கில எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறார்.

ஏழாவது வாக்கியத்தை நீங்களே எழுதுங்கள். உங்கள் மனதில் பல வருடமாக 'நான் மட்டும் அன்றைக்கு' என்று தொடங்கும் வாக்கியம் ஒன்று இருக்கும். அதை எடுங்கள். 'இஃப் ஐ' என்று தொடங்க வேண்டாம். வேறு யாரை அங்கே வைப்பது நியாயம் என்று யோசித்து எழுதுங்கள். எங்களுக்கு அனுப்ப வேண்டியதில்லை. கொப்பியில் இருந்தால் போதும்.

அடுத்த மாதம் கேள்வி கேட்கும் வாக்கியங்கள். அலுவலகங்களில் நமக்கு மிகவும் வேண்டியவை அவைதான்.